மேரி கியூரியும் 600 ரூபிளும்

ரேடியத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஆறாம் தரத்து மாணவியும் மேரி கியூரி அம்மையார் என்று சொல்லிவிடுவாள். இரண்டு தடவை நோபல் பரிசு பெற்ற பெண்மணி யார் என்று கேட்டாலும் அதே விடைதான். ஆனால் அந்த மேரி கியூரி படிப்பதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கேட்டால் நம்மில் அநேகருக்குத் தெரியாது. நமது பாடப்புத்தகங்களில் அந்தக் கதை இல்லை. உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் நான் அவரது வாழ்க்கை வரலாற்றைத் தேடி வாசித்தபோது, பொலோனியத்தையும் ரேடியத்தையும் விட அந்தக் காசுக் கணக்குத்தான் என் மனதில் ஆழமாகப் பதிந்தது.

அதற்குக் காரணம் உண்டு. உயர்தரப் பரீட்சை நெருங்க நெருங்க எங்கள் வகுப்பில் இரண்டு வகையான பேச்சுக்கள் கேட்கின்றன. ஒன்று Z புள்ளியைப் பற்றியது. மற்றையது, வெளிநாட்டில் படிக்கப் புலமைப்பரிசில் கிடைக்குமா என்பது. விருப்பமும் திறமையும் இருக்கின்றன, வீட்டில் வசதிதான் இல்லை. அப்படியான ஒரு பிள்ளை இன்னொரு நாட்டுக்குப் போய்ப் படிப்பது எப்படி? இன்று நாம் கேட்கும் இதே கேள்வியை ஏறத்தாழ 130 வருடங்களுக்கு முன்னர் ஒரு போலந்துப் பெண்பிள்ளையும் கேட்டார். அவர் விடை கண்ட விதத்தை என் சகோதரிகளுக்கும், இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

வசதி இழந்த குடும்பம்

மேரி கியூரியின் இயற்பெயர் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா. 1867 நவம்பர் 7ஆம் திகதி வோர்சோ நகரில் பிறந்தார். அப்போது போலந்து என்றொரு தனிநாடு உலகப் படத்தில் இருக்கவில்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதைப் பங்குபோட்டிருந்தன. வோர்சோ ரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது.

தந்தை கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். தாயார் ஒரு பெண்கள் பாடசாலையின் அதிபராக இருந்தவர். ஐந்து பிள்ளைகளில் மரியா கடைக்குட்டி. இப்படிச் சொல்லும்போது வசதியான குடும்பம் போலத் தோன்றும். ஆனால் போலந்துப் பற்றுக் கொண்டவர் என்பதற்காக ரஷ்ய அதிகாரிகள் தந்தையின் பதவியைப் பறித்தார்கள். அதன்பின் கிடைத்ததெல்லாம் சம்பளம் குறைந்த வேலைகள்தான். சேமித்து வைத்திருந்த பணமும் ஒரு முதலீட்டில் கரைந்து போனது. செலவைச் சமாளிக்க மாணவர்களை வீட்டிலேயே தங்க வைத்துப் படிப்பிக்க வேண்டிய நிலை வந்தது. அப்படித் தங்கியிருந்தவர்களிடமிருந்து தொற்றிய டைபஸ் காய்ச்சலில் மூத்த சகோதரி ஸோபியா இறந்தார். 1878இல் தாயாரும் காசநோயால் மறைந்தார். அப்போது மரியாவுக்குப் பத்து வயது.

1883இல், பதினைந்தாவது வயதில், தங்கப் பதக்கத்துடன் பாடசாலைக் கல்வியை முடித்தார் மரியா. அதற்கு மேல் வழி அடைபட்டிருந்தது. வோர்சோ பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்ப்பதில்லை. படிப்பைத் தொடர விரும்பிய பெண்கள் அதிகாரிகளுக்குத் தெரியாமல் வீடு வீடாக இடம்மாறி வகுப்புகள் நடத்தினார்கள். அதைப் பறக்கும் பல்கலைக்கழகம் என்று அழைத்தார்கள். மரியாவும் அவரது அக்கா புரோனியாவும் அதில் சேர்ந்து படித்தார்கள். ஆனால் அங்கே பட்டம் கிடையாது. பட்டம் வேண்டுமானால் பாரிஸுக்குப் போக வேண்டும். அதற்குக் கையில் பணம் வேண்டும்.

இரு சகோதரிகளின் உடன்பாடு

புரோனியாவுக்கு வைத்தியராக வேண்டும் என்பது ஆசை. அவர் சேர்த்து வைத்திருந்த பணம் பாரிஸில் ஒரு வருடத்துக்குத்தான் போதும். வைத்தியப் படிப்போ பல வருடங்கள். மரியாவின் கையிலும் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. இருவரும் தனித்தனியே சேமித்துக்கொண்டிருந்தால் இருவருமே போக முடியாது என்பதை மரியா கணக்குப் பார்த்துக் கண்டுகொண்டார். ஆகவே ஒரு யோசனை சொன்னார். முதலில் அக்கா போக வேண்டும். தான் வேலை செய்து அக்காவுக்குப் பணம் அனுப்புவது. அக்கா வைத்தியரானதும் தன்னை அழைத்துப் படிப்பிப்பது. நம் வீட்டு மொழியில் சொன்னால், ராத்தாவும் தங்கச்சியும் சேர்ந்து போட்ட சீட்டு அது. முதல் சீட்டு ராத்தாவுக்கு விழுந்தது.

1886 ஜனவரியில் பதினெட்டு வயது மரியா, வோர்சோவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் இருந்த ஷ்சூக்கி என்ற கிராமத்துக்கு, ஒரு வசதியான குடும்பத்தின் வீட்டு ஆசிரியையாகப் போனார். வருடச் சம்பளம் 500 ரூபிள். அதில் கிட்டத்தட்ட பாதியை மாதாமாதம் பாரிஸுக்கு அனுப்பினார். பகலில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். மாலையில் கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் போலந்து எழுத்துக்களைச் சொல்லிக் கொடுத்தார். ரஷ்ய ஆட்சியில் அது தண்டனைக்குரிய குற்றம். இரவில் தனக்காகப் பௌதிகமும் கணிதமும் படித்தார். விளங்காத கணக்குகளைத் தந்தைக்கு எழுதி அனுப்பி, கடிதம் மூலமே திருத்தம் பெற்றுக்கொண்டார்.

அந்த வீட்டில் அவருக்கு ஒரு பெரிய மனவேதனையும் காத்திருந்தது. குடும்பத்தின் மூத்த மகன் அவரைத் திருமணம் செய்ய விரும்பினார். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வசதியற்ற பெண் தம் வீட்டு மருமகளாக முடியாது என்று பெற்றோர் மறுத்துவிட்டார்கள். வேறொருவர் என்றால் அன்றே பெட்டியைக் கட்டியிருப்பார். மரியாவால் முடியவில்லை. அக்காவின் மாதப் பணம் அந்தச் சம்பளத்தில்தான் தங்கியிருந்தது. ஆகவே அவமானத்தை விழுங்கிக்கொண்டு 1889 வரை அங்கேயே கற்பித்தார். பாரிஸின் வைத்தியப் பட்டத்தில் புரோனியாவின் பெயர்தான் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அதில் ஒரு தங்கச்சியின் மூன்று வருடப் பொறுமையும் சேர்ந்திருக்கிறது.

வாப்பாமாருக்காக ஒரு செய்தியும் இந்த இடத்தில் உண்டு. மரியாவின் தந்தை ஓய்வு பெறும் வயதில், 1888இல், சிறுவர் சீர்திருத்தப் பாடசாலை ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அவருக்குப் பிடித்தமான வேலை அல்ல அது. சம்பளம் நல்லது என்பதற்காகவே ஏற்றார். அதன் பின்னர் புரோனியாவுக்கு அவரே பணம் அனுப்பத் தொடங்கினார். புரோனியா செய்த காரியம் இன்னும் அழகானது. தங்கை இனிமேல் பணம் அனுப்ப வேண்டாம் என்று எழுதியதோடு, தந்தை தனக்கு அனுப்பும் தொகையில் ஒரு பகுதியை மாதாமாதம் பிடித்து மரியாவுக்காகச் சேர்த்து வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

நான்காம் வகுப்பு ரயிலும் ஆறாம் மாடி அறையும்

1890இல் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அவருக்கும் ஒரு போலந்து வைத்தியருக்கும் திருமணம் முடிவாகியிருந்தது. தங்குவதற்கு வீடு தயார், புறப்பட்டு வா என்ற செய்தி. மரியா உடனே புறப்படவில்லை. கையில் இருந்த பணம் போதாது என்பது அவருக்குத் தெரியும். மேலும் ஒன்றரை வருடம் தந்தையோடு தங்கி, வோர்சோவில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துப் பணம் சேர்த்தார். உறவினர் ஒருவர் பொறுப்பாக இருந்த ஓர் ஆய்வுகூடத்தில் மாலை வேளைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தனியாகப் பரிசோதனைகள் செய்து பழகினார். விஞ்ஞானந்தான் தன் வழி என்ற முடிவு அந்த ஆய்வுகூடத்தில்தான் உறுதியானது.

1891ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், இருபத்து நான்கு வயதை எட்டும் நேரத்தில், பாரிஸுக்குப் புறப்பட்டார். மெத்தை, விரிப்பு முதலியவற்றை முன்கூட்டியே சரக்கு ரயிலில் அனுப்பிவிட்டார். அங்கே போய் எதையும் விலை கொடுத்து வாங்கக் கூடாது என்பது கணக்கு. ஜெர்மனியைக் கடக்கும்போது ஆகக் குறைந்த கட்டணமான நான்காம் வகுப்பில் பயணம் செய்தார். அந்தப் பெட்டியில் ஆசனங்கள் சரியாக இருக்காது என்பதால் ஒரு மடிப்புக் கதிரையையும் வழிச்சாப்பாட்டையும் உடன் கொண்டு போனார். ஒரு தந்தை தன் மகளை ஆளில்லாத ஊருக்கு அனுப்பவில்லை, அக்காவின் வீட்டுக்கே அனுப்பி வைத்தார் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

சோர்போன் பல்கலைக்கழகத்தில் மேரி என்ற பெயரில் பதிவு செய்துகொண்டார். விஞ்ஞான பீடத்தில் இருந்த பெண்கள் மிகச் சிலரே. அக்காவின் வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போக குதிரை பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் ஆனது. நேரமும் போனது, காசும் போனது. சில மாதங்களின் பின்னர் நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்தார். ஆறாம் மாடியில், கூரையை ஒட்டிய அறை. வாடகை, சாப்பாடு, புத்தகம், உடுப்பு, பல்கலைக்கழகக் கட்டணம் எல்லாவற்றுக்குமாக மாதம் 40 ரூபிள், அதாவது ஏறத்தாழ 100 பிராங்க். ஒரு நாளைக்குப் பங்கிட்டுப் பார்த்தால் மூன்று பிராங்க்தான்.

அந்த மூன்று பிராங்கில் அவர் வாழ்ந்த விதத்தை வாசிக்கும்போது மனம் கனத்துவிடும். இரவில் பத்து மணி வரை பொது நூலகம் ஒன்றில் இருந்து படிப்பார். அங்கே வெளிச்சமும் வெப்பமும் இலவசம். அறைக்குத் திரும்பியதும் மண்ணெண்ணெய் விளக்கில் மீண்டும் படிப்பு. அடுப்புக்கரியை ஆறு மாடிக்கும் தானே சுமந்து ஏறுவார். கரி தீர்ந்த குளிர் இரவுகளில் தன்னிடம் இருந்த உடுப்புகள் அனைத்தையும் போர்வைக்கு மேல் குவித்துக்கொண்டு தூங்குவார். ஒரு நாள் மயங்கி விழுந்தார். வைத்தியரான மச்சான் வந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது, முந்திய நாளிலிருந்து அவர் சாப்பிட்டது கொஞ்சம் முள்ளங்கியும் செரிப்பழமுமே என்று. உடனே அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போய் ஒரு கிழமை வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள்.

இந்தப் பட்டினியைப் புகழ்ந்து எழுத எனக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் பசித்திருந்து படிக்க வேண்டும் என்று யாரும் இதிலிருந்து பாடம் எடுக்கக் கூடாது. பண உதவி வந்து சேராத இடத்தில் ஒரு திறமையான மாணவிக்கு என்ன நேரும் என்பதற்கு இது சாட்சி. மயங்கி விழுந்த அன்று தூக்கிவிட ஓர் அக்காவும் மச்சானும் அந்த ஊரில் இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். யாருமே இல்லாமல் அப்படிப் போன எத்தனை பேர் படிப்பைக் கைவிட்டுத் திரும்பியிருப்பார்கள்!

புலமைப்பரிசில் வந்த வழி

1893இல் பௌதிகப் பட்டப் பரீட்சையில் மேரி முதலாமிடம் பெற்றார். ஆனால் அந்த வெற்றியோடு பணமும் முடிந்தது. கணிதத்திலும் பட்டம் பெற வேண்டும் என்பது அவரது எண்ணம். விடுமுறைக்கு வோர்சோவுக்கு வந்தவர், திரும்பிப் போக முடியுமா என்று தெரியாமல் இருந்தார்.

அப்போதுதான் அந்த உதவி வந்தது. வெளிநாட்டில் கல்வியைத் தொடர விரும்பும் திறமையான போலந்து மாணவர்களுக்கென்று அலெக்சாந்திரோவிச் என்ற பெயரில் ஒரு புலமைப்பரிசில் இருந்தது. பாரிஸில் மேரியோடு பழகிய யாத்விகா டிடின்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி, மேரியின் திறமையை எடுத்துச் சொல்லி அவருக்காக முயற்சி செய்தார். 600 ரூபிள் கிடைத்தது. கிராமத்து வீட்டில் ஒரு வருடம் முழுவதும் கற்பித்து அவர் பெற்ற சம்பளத்தைவிடவும் அது அதிகம். மாதம் 40 ரூபிளில் வாழ்ந்தவருக்கு அது பதினைந்து மாதச் செலவு. 1894இல் கணிதப் பட்டப் பரீட்சையில் இரண்டாமிடம் பெற்றார்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பரிசில் உலகத்து மாணவர் எல்லோருக்கும் உரியதல்ல. வெளிநாட்டில் படிக்கும் போலந்து மாணவருக்கு மட்டுமே உரியது. தனக்குப் பொருந்தும் அந்த ஒரு கதவுதான் மேரிக்குத் திறந்தது. கையில் காட்ட முதலாமிடம் இருந்தது. அந்த முதலாமிடத்தைப் பற்றி உரிய இடத்தில் பேச ஒரு தோழி இருந்தார். கெட்டிக்காரிக்கு உதவி தானாகத் தேடி வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மேரி கியூரிக்கே அது தானாக வரவில்லை என்பதை இந்தக் கதை சொல்கிறது.

திரும்பிச் சென்ற பணம்

கணிதப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே கைத்தொழில் சங்கம் ஒன்று அவரிடம் ஓர் ஆய்வை ஒப்படைத்தது. உருக்கின் காந்த இயல்புகள் பற்றிய ஆய்வு. அதற்கு ஆய்வுகூடம் தேடிய போதுதான் பியர் கியூரி என்ற பௌதிகவியலாளரைச் சந்தித்தார். 1895இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். இடையில் தாய்நாட்டிலேயே பணிபுரிய விரும்பி கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் முயன்றபோது, பெண் என்பதால் அங்கே இடம் கிடைக்கவில்லை.

அந்த உருக்கு ஆய்வுக்காகக் கையில் பணம் கிடைத்தபோது மேரி செய்த காரியந்தான் இந்தக் கட்டுரையை எழுதவே என்னைத் தூண்டியது. சிறுகச் சிறுகச் சேர்த்து 600 ரூபிளையும் புலமைப்பரிசில் நிதிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது கடனல்ல. திருப்பிக் கேட்பவர் யாரும் இல்லை. அப்படியொன்று முன்பு நடந்ததில்லை என்பதால் நிதியின் செயலாளரே திகைத்துப் போனாராம். அப்போது கியூரி தம்பதியர் வசதியாகவும் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் தன்னிடம் இருக்கும்வரை, எங்கோ ஓர் ஏழை மாணவியின் பங்கு தன் கையில் முடங்கிக் கிடக்கிறது என்று மேரி எண்ணினார்.

நம் மார்க்கத்தில் இதற்கு அழகான சொல் இருக்கிறது. அமானிதம். மேரி முஸ்லிம் அல்ல, அந்தச் சொல்லை அவர் கேட்டிருக்கவும் மாட்டார். ஆனாலும் தனக்கு வந்த உதவியை அவர் அமானிதமாகவே வைத்துப் பேணினார் என்று நான் நினைக்கிறேன்.

அதன் பின்னர் நடந்தவற்றை உலகம் அறியும். 1898இல் பொலோனியம், ரேடியம். 1903இல் கணவரோடும் பெக்கரலோடும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு. 1906இல் வீதி விபத்தில் கணவரின் மரணம். அதே வருடம் சோர்போனில் விரிவுரையாற்றிய முதல் பெண் என்ற பெருமை. 1911இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு. இவற்றுக்கிடையிலும் பணத்தோடு அவருக்கிருந்த உறவு மாறவில்லை. ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தால் பெரும் செல்வந்தர் ஆகியிருக்கலாம். கியூரி தம்பதியர் அதைப் பெறவில்லை. நோபல் பரிசுப் பணத்தில் ஒரு பகுதி போலந்து மாணவர்களுக்குப் போனது. அமெரிக்கச் செல்வந்தர் அன்ட்ரூ கார்னகி அவரது ஆய்வுகூடத்துக்குப் புலமைப்பரிசில்களை ஏற்படுத்தினார். நோர்வேயிலிருந்து வந்த எலன் கிளெடிச் போன்ற பிறநாட்டுப் பெண்கள் அந்த ஆய்வுகூடத்தில் ஆய்வு செய்து பெயர் பெற்றார்கள். ஒரு காலத்தில் மடிப்புக் கதிரையோடு வந்திறங்கிய பிறநாட்டு மாணவியே இப்போது அவர்களுக்குக் கதவு திறந்துவிட்டார்.

1921இல் அமெரிக்கப் பெண்கள் 100,000 டொலர் சேர்த்து அவருக்கு ஒரு கிராம் ரேடியம் அன்பளிப்பாக வழங்கினார்கள். அது தன் பெயருக்கு எழுதப்பட்டால் தனக்குப் பின் தன் பிள்ளைகளின் சொத்தாகிவிடும் என்பதைக் கண்டு, ஆய்வுகூடத்துக்கே சேரும்படி பத்திரத்தை மாற்றி எழுதச் செய்தார். பின்னர் சர்வதேச சங்கத்தின் அறிவுத்துறைக் குழுவில் அங்கம் வகித்தபோது, வசதியற்ற இளம் விஞ்ஞானிகளுக்கு நாடுகளைக் கடந்த புலமைப்பரிசில்கள் வேண்டும் என்று வாதாடினார். 1934 ஜூலை 4ஆம் திகதி, பல வருடங்களாகக் கதிர்வீச்சோடு வேலை செய்ததால் வந்த இரத்த நோயினால் மறைந்தார்.

நமக்கு என்ன சொல்கிறது?

நமது நாட்டில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு இலவசக் கல்வி உண்டு. மஹாபொல உண்டு. பள்ளிவாசல் ஸகாத் நிதி, பழைய மாணவிகள் சங்கம், ஊரிலுள்ள நலன்விரும்பிகள் என்று உதவிகள் வரும் வழிகளும் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் திறமைக்கான உதவி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான உதவி என்று வெவ்வேறாக இருக்கின்றன. ஆயினும் இவற்றைக் கேட்டுப் பெற நம் வீடுகளில் ஒரு கூச்சம் இருக்கிறது. வருமானச் சான்றிதழ் எடுப்பதே கௌரவக் குறைவு என்று நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். மகள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, கைநீட்டக் கூடாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அவர்களிடம் நான் பணிவோடு கேட்பது ஒன்றுதான். மேரி கியூரியின் படிப்பு அக்காவின் கையாலும், தந்தையின் கையாலும், ஒரு தோழியின் வாயாலும், முகமறியாத ஒரு நிதியின் பணத்தாலும் நடந்தது. அவற்றில் எதுவும் அவரது கௌரவத்தைக் குறைக்கவில்லை. ஆகவே விண்ணப்பப் படிவத்தை வெட்கப்படாமல் நிரப்புவோம். அதில் உண்மையை மட்டும் எழுதுவோம். அவசியமில்லாத பணத்தை வாங்கி, அவசியமுள்ள பிள்ளையின் பங்கைக் குறைக்காதிருப்போம். உதவி கிடைத்துப் படித்து, உழைக்கத் தொடங்கியதும், யாரும் கேட்காவிட்டாலும் அதைத் திருப்பிக் கொடுப்போம். கொடுத்த நிதிக்கே கொடுக்கலாம். அது முடியாவிட்டால் நம் கல்லூரியில் நமக்குப் பின்னால் படிக்கும் ஒரு தங்கச்சியின் கையில் கொடுக்கலாம்.

அந்த 600 ரூபிளை மேரிக்குப் பின் யார் பெற்றார் என்று நான் வாசித்த நூல்களில் இல்லை. ஆனால் மேரி திருப்பிக் கொடுத்ததால் அந்த நிதியில் இன்னொருவருக்கான பணம் இருந்தது. எனக்கு ஒரு புலமைப்பரிசில் கிடைக்க அல்லாஹ் நாடினால், அவ்வாறே நானும் ஒரு பிள்ளைக்குரிய பங்கை மீதம் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நிய்யத் வைத்திருக்கிறேன்.